மீனுக்கு வாங்கிய பாட்டில்

எனக்குப் பெண் கொடுத்ததற்கு ஒரே காரணம் நான் குடிக்கமாட்டேன் என்பதுதான். நிறம், உயரம், சம்பளம் எதிலும் நான் பாஸ் மார்க்கைத் தாண்டியவன் இல்லை. அரசாங்க ஆபீஸில் கிளார்க் வேலை என்பது புதுச்சேரியில் பெரிய சங்கதியும் இல்லை. காலை நேரத்தில் லாஸ்பேட்டைப் பக்கம் நின்று பார்த்தால் ஸ்கூட்டரில் போகிறவர்களில் பாதிப் பேர் கிளார்க்குகளாகத்தான் இருப்பார்கள். ஆனால் குடிக்காத மாப்பிள்ளைக்கு எங்கள் ஊரில் எப்போதுமே கிராக்கி உண்டு. பெண் பார்க்கப் போன அன்று என் மாமியார் ஜாதகத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. தட்டை நீட்டும் சாக்கில் என் பக்கம் குனிந்து, மோப்பம் பிடிப்பதுபோல ஒரு மூச்சு இழுத்தார். நிமிர்ந்து, "பொண்ணுக்குப் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். பெண் அப்போது அறையை விட்டே வெளியே வந்திருக்கவில்லை.

குடிக்காமல் இருப்பதற்குப் பின்னால் என்னிடம் கொள்கை எதுவும் கிடையாது. கல்லூரியில் நண்பர்கள் ஒருமுறை பியர் வாங்கிக் கொடுத்தார்கள். பாதி கிளாஸிலேயே என் வயிறு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது, அதுவும் புதுச் செருப்புப் போட்டிருந்த ஒருவன் காலில். அதற்குப் பிறகு யாரும் எனக்கு வாங்கித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

மாமியார் மோப்பம் பிடித்ததில் நியாயம் இருந்தது. அவர் கணவர், அதாவது என் மாமா, பஞ்சாலைத் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து மில் கேட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் எத்தனை கடை உண்டோ, ஒன்றின் மனசும் நோகாமல் எல்லாவற்றிலும் ஏறி இறங்கித்தான் வருவார். அடிதடி, சண்டை எதுவும் இல்லை. வாசல் வரை வந்து, படியில் உட்கார்ந்து, அங்கேயே தூங்கிவிடுவார். சின்னப் பெண்ணாக இருந்தபோது தினமும் அவர் செருப்பைக் கழற்றி உள்ளே எடுத்து வைப்பது தன் வேலை என்று என் மனைவி ஒருமுறை சொன்னாள். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசியதில்லை.

மாமியார் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. மாப்பிள்ளை மீன் வளர்ப்பாரா என்பது.

மூலக்குளத்தில் வீடு கட்டிக் குடிபோன வருஷம், பிரான்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு சொல்தா குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஊஞ்சல் பலகை வாங்கப் போன நான், ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கும் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியோடு திரும்பினேன். அதில் சாதாரணத் தங்கமீன் விட்டிருந்தால் என் வாழ்க்கை நிம்மதியாகப் போயிருக்கும். கடல் மீன்தான் விடுவேன் என்று நின்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, என் விஷயத்தில் அந்த ஓணானுக்கு மாதாமாதம் புது விளக்கும் புது மோட்டாரும் வேறு தேவைப்பட்டன.

தண்ணீருக்கு நான் படகுத்துறைக்குப் போனேன். கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடை கலந்திருக்கும் என்பதால், ஆழக் கடலுக்குப் போகிறவர்களிடம் கேன்களைக் கொடுத்து அங்கிருந்து மொண்டுவரச் சொல்வேன். முதல் தடவை கேட்டபோது ஒரு படகுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடலுக்குப் போறவங்கிட்ட எல்லாரும் மீனக் கொண்டாரச் சொல்லுவாங்க. நீ மீன வுட்டுட்டுத் தண்ணியக் கொண்டாரச் சொல்றியே சாரு" என்றார். அன்று முதல் துறையில் எனக்குத் தண்ணி சாரு என்று பெயர். குடிக்காதவனுக்கு இந்தப் பெயர்.

தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கிளௌன் மீன் ஜோடி ஒன்று, நீல நிறத்தில் குட்டி மீன்கள் சில, மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் இறால் ஒன்று, நடுவில் பூ மாதிரி விரல்களை விரித்து அசைந்துகொண்டிருக்கும் அனிமோன் ஒன்று. அனிமோன் பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் உயிருள்ள பிராணிதான். கிளௌன் ஜோடிக்கு அதுதான் வீடு. அதன் விரல்களுக்குள்ளேயே புகுந்து புரண்டு தூங்கும்.

மாமியார் இறந்த பிறகு மாமா எங்களோடு வந்து சேர்ந்தார். மில்லை அதற்கு முன்பே மூடியிருந்தார்கள். அவருடைய ஈரலும் ஏறக்குறைய அதே நிலைமையில் இருந்தது. இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். என் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவரிடம், "என் வீட்டுக்கு வாப்பா. ஆனா குடிச்சிட்டு வாசப்படி ஏறக்கூடாது. அம்மா மாதிரி என்னால தாங்க முடியாது" என்று சொல்லிவிட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவர் ஆட்டிய தலையை உறவுக்காரர்கள் யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஆனால் அவர் நிறுத்திவிட்டார்.

நிறுத்துவது என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பகலெல்லாம் நன்றாகத்தான் இருப்பார். சாயங்காலம் ஆறு மணி ஆனால் உட்கார முடியாது. வாசலுக்குப் போவார், வருவார், செருப்பைப் போடுவார், கழற்றுவார். டீச்சர் வேலை பார்த்த என் மனைவி ஸ்கூலிலிருந்து வந்து தாளித்துக்கொண்டே அவர் செருப்புச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட் கதவு திறக்கும் சத்தம் வந்தால் கரண்டி நின்றுவிடும்.

தொட்டி விளக்கு ஆறு மணிக்குத் தானாக எரியும்படி நான் வைத்திருந்தேன். ஆபீஸிலிருந்து வந்து ரசிப்பதற்காக நான் செய்துகொண்ட ஏற்பாடு. ஒரு நாள் மாமா அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். பிறகு ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே போய் உட்கார்ந்துகொண்டு, "இன்னா மாப்ள, இன்னும் லைட்டு போடலியே அவுங்க" என்று மீன்களைச் சொல்லிக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தார். கிளௌன் ஜோடியில் பெரியது பெண், சின்னது ஆண் என்று நான் சொன்னதும் அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. "எங்க வூட்டுக் கதைதான்" என்றார். அதன் பிறகு செருப்புச் சத்தம் குறைந்தது. என் மனைவி ஒருநாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தொட்டிய என்ன பேச்சுப் பேசியிருக்கேன். இது மட்டும் நல்லா இருக்கணுங்க" என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் என் தொட்டிக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

அப்படிச் சொன்ன பிறகுதான் தொட்டி கெட்டது.

மீன் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணீரில் அழுகி, கடைசியில் நைட்ரேட் என்ற ஒன்றாக மாறி நிற்கும். மீன்கள் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அனிமோன் பொறுக்காது. குப்பியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து இரண்டு மருந்து விட்டுக் குலுக்கினால் நிறம் மாறும்; மஞ்சளாக இருந்தால் நலம், சிவக்கச் சிவக்க ஆபத்து. எங்கள் தண்ணீர் குங்குமம் கரைத்த மாதிரி சிவந்தது. வாராவாரம் தொட்டியில் கால்வாசியை மாற்றினேன். படகுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து சலித்துப்போனார். அடுத்த வாரம் பார்த்தால் அதே சிவப்பு. நான் ஊற்றிய நல்ல தண்ணீரெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்.

காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. மாமா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஒரு கை சென்னாக்குன்னியைத் தொட்டிக்குள் போட்டார். சென்னாக்குன்னி என்றால் காய்ந்த பொடி இறால், குழம்புக்குப் போடுவது. "நீங்க போடறது அதுங்களுக்கு ஒரு பல்லுக்குப் பத்துமா மாப்ள? வாயத் தொறந்து தொறந்து என்னையே பாக்குதுங்க" என்றார். மீன் வாயைத் திறப்பது மூச்சு விடுவதற்கு என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். பொட்டலத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். ஆனாலும் ஏறிய நைட்ரேட் இறங்கவில்லை. அனிமோன் நாளுக்கு நாள் சுருங்கியது. கிளௌன் ஜோடி வீடு இடிந்தவர்கள் மாதிரி மூலையில் நின்றது. மாமா ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்து, பார்த்து, எழுந்துபோக ஆரம்பித்தார். மறுபடியும் செருப்புச் சத்தம் கேட்டது.

தெருவுக்குத் தெரு இன்டர்நெட் சென்டர் முளைத்திருந்த காலம் அது. ஆபீஸ் முடிந்து ஒன்றில் போய் உட்கார்ந்தேன். உலகம் முழுக்க என்னைப் போன்ற பைத்தியங்கள் இருப்பதும், அவர்கள் எல்லாரும் நைட்ரேட்டைப் பற்றி அழுதுகொண்டிருப்பதும் தெரிந்தது. ஒரு வழியும் இருந்தது. நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரிலேயே இருக்கிறதாம். ஆனால் வெறும் நைட்ரேட்டைத் தின்று அதனால் பெருக முடியாது, கூடக் கார்பன் வேண்டுமாம். சோறு நிறைய இருக்கிறது, தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை என்ற நிலைமை. தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கார்பன் கொடுத்தால் பாக்டீரியா சோற்றைக் காலி செய்து பெருகும். பெருகியதை, தொட்டி அழுக்கை நுரையாக்கித் தள்ளுவதற்கு என்று ஏற்கெனவே மாட்டியிருக்கும் கருவி வெளியே எடுத்துவிடும். கார்பனுக்கு அவர்கள் ஊற்றுவது வோட்கா. நம் ஊரில் சரக்குக்குத் தொட்டுக்கொள்ளத் தேடுவார்கள். பாக்டீரியாவுக்குச் சரக்கே தொட்டுக்கொள்ள.

சர்க்கரையும் வினிகரும்கூட உதவும் என்று அதே பக்கத்தில் கீழே எழுதியிருந்தது. படித்தேன். படித்துவிட்டு, அது ஏதோ ஏழைபாழைகளுக்குச் சொன்னது என்று தாண்டிப் போனேன். கடல் மீன் வளர்ப்பவன் வினிகர் ஊற்றினால் மரியாதை என்ன ஆவது?

எங்கள் தெருமுனையிலேயே கடை இருந்தது. ஆனால் மூலக்குளத்தில் என் ஒழுக்கத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அதனால் சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊரைக் கடந்து, கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் வரை போனேன். வெளியூர்க்காரர்கள் வந்து வாங்கிப் போகும் கடைகள் அங்கே நிறைய. நம்மை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கவுன்ட்டரில் நின்று, வோட்கா வேண்டும் என்றேன்.

"எது வேணும்?" என்றார் கடைக்காரர்.

"கலர் இல்லாதது. வாசனை சேக்காதது. இனிப்பு இருக்கக் கூடாது."

அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. "தெரிஞ்சி குடிக்கிறவரு. சோடா வேணுமா, ஸ்ப்ரைட்டா?"

"வேணாம். உப்புத் தண்ணியில கலக்கணும்" என்று பதற்றத்தில் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் என் மனைவியின் சித்தப்பா.

"மாப்ள! நீங்களா!" என்று அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக நல்லது கெட்டதுகளில் நான் ஓரமாக மோர் குடித்துக்கொண்டு நின்றதில் அவருக்கு ஒரு மனத்தாங்கல் இருந்திருக்கிறது. அது அன்றோடு தீர்ந்தது. மீனுக்கு என்று நான் சொன்னேன். "அதுக்கென்ன, மீனோட சாப்ட்டா நல்லாதான் இருக்கும்" என்றார்.

அப்போது எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது. என் ஸ்கூட்டருக்கு முன்னால் செய்தி மூலக்குளம் போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். பாட்டிலை எடுத்து நீட்டி, பாக்டீரியா, கார்பன், தொட்டுக்கொள்ள, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க குடிக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களால முடியாது" என்றாள். எவ்வளவு அழகாகச் சொன்னாள் பாருங்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இது நம்ம வீட்டுக்குள்ள இருந்தா அப்பா என்னா ஆவாரு? ஒரு சொட்டுன்னு டாக்டர் சொன்னாரில்ல?" என்றாள்.

உள்ளே மாமா தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அனிமோன் ஒரு முட்டை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. பாட்டில் உள்ளே வந்தால் ஒரு பயம், வராவிட்டால் இன்னொரு பயம். அவள் உள்ளே எட்டி அவரைப் பார்த்தாள். பாட்டிலை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு போய், பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அவள் கையாலேயே எடுத்துக் கொடுப்பது என்று ஏற்பாடு.

அந்த ஒரு வாரத்து வோட்காவை நான் ஒரு பழைய டானிக் பாட்டிலில் ஊற்றி, மீன் மருந்து என்று சீட்டு ஒட்டி, தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியில் வைத்தேன். தினமும் காலையில் ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விடுவேன். மாமா முதல் நாளே கேட்டார். "புது மருந்தா மாப்ள?"

"ஆமா மாமா. வெளிநாட்டு மருந்து."

"ம்" என்றார். நாற்பது வருஷம் குடித்த மனுஷரிடம் வோட்காவை மருந்து என்று சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. கொல்லன் தெருவில் ஊசி விற்றவன்கூட என்னைவிடப் புத்திசாலி. அவன் ஊசியை ஊசி என்றுதான் சொல்லியிருப்பான்.

குறைவாக ஆரம்பித்து மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் தொட்டி கவிழ்ந்துவிடும் என்று பக்கத்துக்குப் பக்கம் எச்சரித்திருந்தார்கள். நான் சொன்னபடி கேட்டேன். சிவப்பு துளித் துளியாகத்தான் வெளுத்தது. மாமா தினமும் கேட்பார். "இன்னிக்கு எத்தினி மாப்ள? எறங்கிச்சா?" கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்பேன். "இப்புடி ஊத்துனா எப்ப எறங்குறது?" என்று அவர் முனகியதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு டானிக் பாட்டிலில் மருந்து வேகமாகக் குறைய ஆரம்பித்தது.

முதலில் என் கணக்குத் தப்பு என்று நினைத்தேன். பேனாவால் பாட்டிலில் ஒரு கோடு போட்டேன். மறுநாள் காலை பார்த்தால் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. நான் அன்று இன்னும் எடுக்கவே இல்லை. இன்னொரு கோடு போட்டேன். அதற்கும் கீழே இறங்கியது. நைட்ரேட் இறங்குகிறதோ இல்லையோ, இது இறங்கியது.

என் மனைவியிடம் சொல்லாமல் இருக்க நினைத்தேன். ஆனால் வாரம் முடிவதற்குள் மறுபடியும் பீரோவைத் திறக்கச் சொன்னபோது அவளே கண்டுபிடித்துவிட்டாள். காபி கொடுக்கும் சாக்கில் மாமா பக்கம் குனிந்தாள். அவள் அம்மா என் பக்கம் குனிந்த அதே குனிவு. திரும்பி வந்து, "வாசன ஒண்ணும் இல்லீங்க" என்றாள், ஒரு நம்பிக்கையோடு. வோட்காவுக்கு வாசனை பெரிதாக வராது என்பதை நான் இன்டர்நெட்டில் படித்திருந்தேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சொன்னேன். எனக்கு எப்போதுமே படித்ததைச் சொல்லிவிட வேண்டும்.

அவள் தாளித்துக்கொண்டிருந்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் என் கையால எடுத்துக் குடுத்தேன்" என்றாள். ஒரு மீனுக்காக ஒரு மனுஷரைக் கெடுத்துவிட்டேனே என்றிருந்தது. அதைவிட மோசம், அந்த நாட்களில் மாமா ரொம்ப உற்சாகமாக இருந்தார். தொட்டி முன்னால் உட்கார்ந்து மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தால் கண்ணைச் சிமிட்டினார். உற்சாகத்துக்குக் காரணம் எங்களுக்குத் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். கேட்பது அவளா நானா என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்துக்கு வந்தால் தொட்டியைக் காணோம். தொட்டி இருந்தது, உள்ளே இருந்தது எதையும் காணோம். கண்ணாடிக்குப் பின்னால் முழுக்க வெள்ளை. வடித்த கஞ்சியைக் கொண்டுவந்து நிரப்பிய மாதிரி இருந்தது. கண்ணாடியின் உட்பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கொழகொழப்பு தொங்கியது. மேலே எட்டிப் பார்த்தேன். மீன்களெல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

என்ன நடந்தது என்பது எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. அளவுக்கு மேல் ஊற்றினால் பாக்டீரியா கட்டுக்கடங்காமல் பெருகி, தண்ணீரை வெளுத்து, இருக்கிற காற்றையெல்லாம் குடித்துவிடும் என்று படித்திருந்தேன். ஆனால் நான் அளவுக்கு மேல் ஊற்றவில்லையே. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இருந்த காற்று மோட்டார் எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். சேர்த்து வைத்திருந்த கடல் தண்ணீர்க் கேனை இழுத்துவந்தேன். "யார் இதுல என்னத்த ஊத்துனது?" என்று கத்தினேன்.

மாமா பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் டானிக் பாட்டில். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நான்தான் மாப்ள. கொஞ்சம் சேத்து வுட்டேன்."

"எதுக்கு?"

"இதுங்களுக்குத்தான். நீங்க வுடறது எறும்புக்குக்கூடப் பத்தாது. தெனம் காலையில நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னால ஒரு மூடி வுட்டேன். சிவப்பு எறங்குதுன்னு சொன்னீங்களா, சரி நல்லாதான் கேக்குதுன்னு நேத்து ரெண்டு மூடி சேத்து வுட்டுட்டேன்." அவர் குரல் உடைந்தது. "கொன்னுட்டேனா மாப்ள?"

நான் ஈரக் கையோடு அப்படியே நின்றேன். சமையலறை வாசலில் என் மனைவி வந்து நின்றிருந்தாள்.

"எல்லாத்தையும் மீனுக்கா ஊத்துனே?" என்று கேட்டாள்.

"பின்ன?"

"எல்லாத்தையுமா?"

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. வேணும்னா அந்தத் தொட்டியப் பாரு" என்று அவர் அந்த வெள்ளையைக் காட்டினார். இதைவிடப் பெரிய சாட்சி உலகத்தில் கிடையாது. என் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தொட்டிக்குப் பக்கத்தில் வந்து அந்தக் கொழகொழத்த கண்ணாடியில் கையை வைத்து, "ஐயோ, எவ்ளோ வெள்ளையா இருக்கு, எவ்ளோ வெள்ளையா இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளே என் மீன்கள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. பல வருஷ உழைப்பு என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

"மருந்துன்னுதானே மாமா சொன்னேன், எப்புடித் தெரிஞ்சது?" என்று கேட்டேன், தண்ணீரை மாற்றிக்கொண்டே.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க மொத நாள் மூடியத் தொறந்தப்ப நான் கொல்லையில இருந்தேன் மாப்ள. அங்கயே தெரிஞ்சிடிச்சி." வாசனை வராது என்று எழுதியவன் என் மாமாவைப் பார்த்ததில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். "தொறக்கும்போது மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்குவேன். மூச்சப் புடிச்சிக்கினு ஊத்திட்டு வந்துடுவேன்."

நீல மீன்களில் இரண்டும் அந்த இறாலும் அன்றே போய்விட்டன. கிளௌன் ஜோடி பிழைத்தது. அனிமோனும் எப்படியோ பிழைத்துக்கொண்டது. சில நாளில் தண்ணீர் தெளிந்ததும் குப்பியில் எடுத்து மருந்து விட்டுக் குலுக்கினேன். வெளிர் மஞ்சள். எனக்கு மாதக்கணக்கில் மசியாத நைட்ரேட், மாமா ஊற்றிய ஊற்றில் தரை தட்டியிருந்தது. ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் பாதி அவுட்.

அன்று சாயங்காலம் என் மனைவி இடுப்பிலிருந்து பீரோ சாவியை எடுத்தாள். மாமாவிடம் நீட்டினாள். "இனிமே நீயே வெச்சிக்கப்பா. அளவு மட்டும் இவரு சொல்ற மாதிரி ஊத்து" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அவரை நம்பிய நாள் அது.

அவர் சாவியைப் பார்த்தார். வாங்கவில்லை.

"வேணாம்மா. இத்தினி நாளு மூஞ்சத் திருப்பிட்டேன். எல்லா நாளும் திரும்பும்னு எனக்குச் சொல்லத் தெரியல. அத வீட்ட வுட்டு எடுத்துடு" என்றார்.

அவள் பீரோவைத் திறந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அடுப்படியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வினிகர் பாட்டில் என் கல்யாணத்திலிருந்தே இருந்தது. அதை ஊற்றித்தான் அதற்குப் பிறகு பல வருஷம் அந்தத் தொட்டியை ஓட்டினேன். முதலிலேயே அதை எடுத்திருக்கலாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கொல்லையில் துணி துவைக்கும் கல்லில் அவள் பாட்டிலைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. களக் களக் என்று விழுந்தது. ஆறு மணி ஆகித் தொட்டி விளக்கு எரிந்தது. மாமா நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொல்லைக்கு முதுகைக் காட்டி, கிளௌன் ஜோடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு எத்தினி மாப்ள?" என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் கேட்டார்.

"எறங்கிடுச்சி மாமா" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

சத்தம் நிற்கும்வரை அவர் திரும்பவில்லை.